இரண்டு முறை அடிக்கும் மணி

மதியம் பன்னிரண்டு ஆக ஒரு நிமிடம் இருக்கும்போது ஓதில் அடுப்பை அணைக்கிறாள், ஜன்னலைச் சாத்துகிறாள், உறுமல் நிற்க ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குகிறாள். மறுபடி செருக மறந்துவிடக் கூடாதென்று வீட்டுச் சாவியை ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைக்கிறாள். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு மிரேலின் எண்ணை அழுத்துகிறாள். மறுமுனையில் போனை எடுப்பார்கள், பேச மாட்டார்கள். தூரத்து மலைக்கிராமத்தின் தேவாலய மணி பன்னிரண்டு அடிக்கும். முதல் தடவை எண்ணத் தவறியவர்களுக்காக, இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு பன்னிரண்டு. அதற்கப்புறம்தான் மிரேல் வாய் திறப்பாள்.

"இருக்கேன் மேடம்."

அதைக் கேட்கும்வரை ஓதில் ரொட்டியைத் தொட மாட்டாள்.

வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருடமாக ஆவணப்படங்களுக்கு ஒலிப்பதிவு செய்கிறாள். ஒரு தடவை கறிக்கடை ஃபிரிட்ஜின் சத்தத்தைக் கேட்டே, "உங்க மோட்டார் இன்னும் ஒரு மாசம் தாங்கினா அதிசயம்" என்றாள்; மூன்றே வாரத்தில் அது படுத்துவிட்டது. கடைக்காரருக்கு அவளைக் கண்டாலே இப்போது உதறல். ஒவ்வொரு பேட்டியும் முடிந்ததும் உதட்டில் விரலை வைப்பாள். யாராக இருந்தாலும் ஒரு நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும். வெறும் அறையின் சத்தத்தைப் பதிவு செய்துகொள்வாள். "மனுஷங்க பொய் சொல்லுவாங்க, ரூம் சொல்லாது" என்பது அவள் கட்சி.

அப்படி ஓர் அறைதான் மிரேலைக் காட்டிக்கொடுத்தது. கணவன்மாரிடமிருந்து தப்பி ஒளிந்து வாழும் பெண்களைப் பற்றி பெனுவா இயக்கிய படம் அது. மிரேலின் முகத்தை இருட்டில் வைத்தார்கள். குரலை மாற்றினார்கள். ஊர்ப் பெயரை யாரும் உச்சரிக்கவே இல்லை. பேட்டி முடிந்து மிரேலும் மகளும் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்த அந்த ஒரு நிமிடத்தில் மணி அடித்தது. விரிசல் விட்ட மணி, உடைந்த கிண்ணத்தைக் கரண்டியால் தட்டியதுபோல. வேறொருத்தி அழித்திருப்பாள். ஓதிலை ஆசை விடவில்லை. படத்தின் கடைசிக் காட்சியில் அதைச் சத்தமாகவே வைத்தாள்.

பட விழாவில் அறுநூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். நடுவர்கள் அந்த மணியைத் தனியாகப் பாராட்டிப் பரிசு கொடுத்தார்கள். இரண்டு வாரத்துக்கு முன் தொலைக்காட்சியிலும் படம் வந்தது. மறுநாள் காலையே மலைக்கிராமத்துக்காரர்கள் தேவாலயத்தின் படத்தோடு இணையத்தில் எழுதிவிட்டார்கள்: "எங்க ஊரு மணிங்க அது! விரிசலை வச்சே கண்டுபிடிச்சிட்டோம்!" ஓதில் உடனே அவர்களுக்கு எழுதினாள். கெஞ்சியதும் எடுத்துவிட்டார்கள், அதற்குள் ஆயிரம் பேர் பார்த்தாயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மிரேலின் கணவன் லாரி ஓட்டுகிறவன். இப்போது எந்தச் சாலையில் இருக்கிறானென்று யாருக்கும் தெரியாது. வேறு ஊருக்குப் போகச் சொன்னால் மிரேல் கேட்கவில்லை. "எத்தனை தடவைதான் பெட்டி கட்டுறது மேடம்? பொண்ணுக்குப் பரீட்சை. அது முடியட்டும்."

இன்று பெனுவா பாலாடைக்கட்டியும் ஆறுதலுமாக வந்திருந்தான்.

"நாட்டுல எத்தனை லாரி, எத்தனை ஊரு. சும்மா பயந்து சாகாதே ஓதில்."

"மூஞ்சிய நீ மறைச்சே. ஊரை நான்தான் காட்டிக்கொடுத்தேன்."

"நானும் கேட்டுட்டுதானே சரின்னேன்?"

"உனக்கு ஏது காது? ரெண்டு ஓட்டை, அவ்வளவுதான். பன்னெண்டு ஆகப்போகுது, வாயை மூடு."

பிளக்கைப் பிடுங்கினாள். சாவி உள்ளே போனது. மிரேல் போனை எடுத்தாள். முதல் பன்னிரண்டு அடித்து ஓய்ந்தது. பெனுவா ரொட்டியை வெட்டியபடி அடுத்த படத்தைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

இரண்டு மணிகளுக்கும் நடுவே, மேடேறும் ஒரு கனத்த வண்டியின் சத்தம் ஹெட்போன் வழியாக ஓதிலின் காதில் விழுந்தது. கியர் மாறியது. பிரேக்கிலிருந்து காற்று சீறி வெளியேறியது. என்ஜின் நின்றது.

"மேடம்," என்றாள் மிரேல், மூச்சாலேயே. "லாரி."

ஓதில் பெனுவாவின் பக்கம் திரும்பி உதட்டில் விரலை வைத்தாள். மறுகையால் பென்சிலை எடுத்து, பாலாடைக்கட்டி சுற்றிவந்த தாளில் போலீஸ் எண்ணை எழுதி அவன் முன்னால் தள்ளினாள்: 17. பெனுவா ரொட்டியை விட்டு எழுந்தான். தன் போனை எடுத்துக்கொண்டு போலீஸிடம் பேச மாடிப்படிக்கு ஓடினான்.

ஹெட்போனில் இரண்டாவது மணி அடிக்கத் தொடங்கியது. அடுக்களையில் இனிப் பேச ஆளில்லை. ஆனாலும் ஓதில் உதட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை.