சாமை மூட்டைக்கு முன்னால் நின்ற வண்டி

காலை 6.10. கள்ளக்குறிச்சியில் என் வீட்டு வாசலிலிருந்து கிளம்பினேன். வண்டி ஒரு டன் ஏற்றும் சின்ன லாரி. டிரைவர் நான். முந்தின நாள் மெக்கானிக்கும் நானே, தொல்லை ஆரம்பித்தது அங்கேதான். நான் ஏழாம் வகுப்பு, அதையும் முழுதாக முடிக்கவில்லை. ஆனால் போனில் வீடியோ பார்க்கத் தெரியும். முன் சக்கரத் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பர் இரண்டையும் கழற்றினேன். மனைவி துணி ஊறவைக்கும் பேசினில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கழுவி, புது ரப்பர் போட்டு மாட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் பிரேக் பெடலை மிதிக்க, நான் காலிப்பரில் இருக்கும் நிப்பிள் திருகைத் திறந்து, உள்ளே அடைத்த காற்றை எடுத்தேன். குமிழே இல்லாமல் ஆயில் வந்தது. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

6.50. கச்சிராயபாளையம். பெடல் ஊறிய வடைபோல அமுங்கியது. இரண்டு தடவை மிதித்தால் பிடித்தது. புது ரப்பர், போகப்போகப் பழகும் என்று எனக்கே சமாதானம் சொன்னேன். ஆனாலும் 210 ரூபாய்க்கு ஒரு பாட்டில் பிரேக் ஆயில் வாங்கி வைத்தேன். பயம் அறிவு மாதிரியே வேலை செய்யும்.

7.30. மலைப்பாதை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் வெறும் வானம். வளைவுக்கு வளைவு சமவெளி கீழே இறங்கிக்கொண்டே போனது. வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே போனவனுக்கு எதிரில் பஸ் வந்தது. மிதித்தேன், பெடல் தரையைத் தொட்டது. மறுபடி மிதித்தேன். மூன்றாவது மிதிக்குத்தான் வண்டி நின்றது. பஸ்ஸுக்கும் எனக்கும் நடுவில் ஒரு முழம். அங்கே திரும்ப இடமில்லை. ஏற்றம் வண்டியைத் தானாகவே பிடித்துக்கொள்ளும், மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று முதல் கியரில் ஊர்ந்தேன். இறக்கத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம் என்று தள்ளிவைத்தேன்.

8.40. கரியாலூர் தாண்டி பச்சையம்மாள் அக்காவின் காடு. அவருடைய பன்னிரண்டு மூட்டை சாமையையும் அவரையும் சாயங்காலத்துக்குள் கள்ளக்குறிச்சிக் கடையில் சேர்க்க வேண்டும். வண்டியை வரப்பில் முட்டித்தான் நிறுத்தினேன்.

"இன்னாப்பா, வரப்புதான் உனுக்கு பிரேக்கா?"

உண்மையைச் சொன்னேன்.

"பெடலு கெட்டியாவட்டும். அப்புறந்தான் மூட்டைய தூக்குவேன். என் சாமையும் நானும் பள்ளத்துல கெடக்கணுமா?"

சக்கரத்துக்குக் கல் வைத்து, அக்காவை சீட்டில் உட்காரவைத்தேன். "அமுக்குங்கக்கா. அப்பிடியே புடிங்க. வுடுங்க." ஒரு மணி நேரம் இதே பாட்டு. நல்ல ஆயில்தான் வந்தது, ஒரு குமிழ்கூட இல்லை. பெடல் மட்டும் வடையாகவே இருந்தது.

அக்கா இறங்கி வந்து குனிந்து பார்த்தார். "எண்ணெ தொறக்குற திருகாணி எங்க இருக்குது?"

"தோ, கீழ."

"காத்து எங்க குந்தும்?"

அவர் காட்டுக்கு மேலே கையைக் காட்டினார். ஊற்றிலிருந்து கறுப்பு டியூப் ஒன்று பாறை மேல் ஏறி இறங்கி வந்துகொண்டிருந்தது. "அந்த மேட்டுல காத்து அடைச்சிக்கினா தண்ணி வராது. மேட்டுலதான் தொறந்து வுடணும். கீழ தொறந்தா தண்ணிதான் வரும், காத்து அங்கியே குந்திக்கினு இருக்கும்."

நானும் குனிந்து பார்த்தேன். பேசினில் ஒன்றாகக் கழுவியதில் இடது காலிப்பரை வலதிலும், வலதை இடதிலும் மாட்டியிருந்தேன். மேலே இருக்க வேண்டிய நிப்பிள் கீழே போய்விட்டது. லாரியே ஓட்டாத ஒருவர், கேள்வி இரண்டே இரண்டு. கோயிலில் நிற்பதுபோல் நின்றேன்.

11.00. இரண்டையும் இடம் மாற்றி மாட்ட, மிச்சமிருந்த ஆயில் போதாது. இருந்த பக்கத்திலேயே காலிப்பரைக் கழற்றி, தட்டுக்குப் பதில் மரக்கட்டையைக் கவ்வக் கொடுத்து, நிப்பிள் மேலே வரும்படி தூக்கிப் பிடித்தேன். அக்கா மிதித்தார். 'புஸ்' என்று பொங்கி வந்தது காற்று. அடுத்த பக்கமும் அப்படியே. மாட்டி முடித்து மிதித்தால், பெடல் கல்.

அக்கா நம்பவில்லை. சரிவில் ஒரு சாமை மூட்டையைக் குறுக்கே போட்டார். "மேலேர்ந்து வா. இதுக்கு முன்னால நிறுத்து. இதுமேல ஏத்திட்டின்னா ரெண்டு பேரும் நடந்தே போவலாம்."

என் ஓட்டுநர் உரிமத்துக்குக்கூட நான் இப்படி வியர்த்ததில்லை. ஒரே மிதி. மூட்டைக்கு இரண்டு சாண் தள்ளி வண்டி நின்றது. அக்கா சிரிக்கவில்லை. அந்த மூட்டையைத்தான் முதலில் ஏற்றினார்.

பகல் 1.15. இறக்கம். இரண்டாவது கியர், பக்கத்தில் அக்கா, பின்னால் சாமை. ஏறும்போது பாதி பார்த்ததை இப்போது முழுதாகப் பார்த்தேன். மேகத்தின் நிழல் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு நடந்து போனது. அத்தனை பெரிய மலையில் ஒரு மிதிக்கு நிற்கிற வண்டியில் இருப்பதே பெரிய வரமாகத் தோன்றியது.

"ரோட்ட பாத்து ஓட்டுப்பா. மல எங்கயும் போவாது."

3.00. கடை வாசலில் மூட்டையோடு இறங்கிய அக்கா சொன்னார்: "வூட்டுக்குப் போனதும் ரெண்டயும் மாத்திப் போடு. அடுத்த வாட்டி வேற வேற பேசின்ல கழுவு."

எங்கள் ஊர் சமதளம். இரண்டு தடவை மிதித்துப் பிடித்துக்கொண்டே இந்தத் தப்போடு மாசக்கணக்கில் ஓட்டியிருப்பேன், ரோடு ஒன்றும் சொல்லியிருக்காது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, முன்னால் யாருமே இல்லாதபோது, ஒருமுறை மிதித்துப் பார்த்தேன். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் தலையை நீட்டினார்.

"யோவ், நட்ட நடு ரோட்ல இன்னாத்துக்குய்யா நிறுத்துன?"

"நிக்குதான்னு பாத்தேங்க. நிக்குது."