மஞ்சள் கட்டிய பாலம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பாலத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கோபுரத்தைப் பார்த்தால் போட்டுக்கொள்வோம். பாலத்துக்கு? அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ஆடிப் பதினெட்டில் ஆரம்பித்த கதை. கடல் கடந்து வந்த இந்தப் பேர்லேண்டிலும் நமக்கு மீனாட்சி கோயில் இருக்கிறது. ஆனால் ஓடுகிற தண்ணீரில் ஒரு பூவாவது விட வேண்டாமா? வீட்டுக்காரரை நச்சரித்து, சித்ரான்னம் கட்டிக்கொண்டு, ஃப்ரீவேயில் வெகுதூரம் போய், ஒரு கிராமத்து ஆற்றங்கரையில் இறங்கினோம்.

அங்கேதான் அந்தப் பாலம். ஆட்கள் மட்டும் நடக்கிற தொங்குபாலம். விக்டோரியா ராணி காலத்தியது. கம்பியெல்லாம் துரு. நடுவில் பலகைகளைக் காணோம். வாசலில் சங்கிலி, நுழையக் கூடாது என்று போர்டு.

பூஜை முடித்து, மஞ்சள் கயிறு கட்ட மரம் தேடினேன். எந்த மரத்திலும் பாய்சன் ஐவி — தொட்டால் உடம்பெல்லாம் அரிக்கும் கொடி. சரியென்று பாலத்துக் கம்பியிலேயே கட்டிக் குங்குமமும் வைத்தேன்.

"கவர்ன்மென்ட் பாலத்துக்கே தாலி கட்டிட்டியேடி" என்றார் வீட்டுக்காரர்.

ஐப்பசியில் ஆற்றில் காலையாவது நனைப்போம் என்று மறுபடி போனால்... கம்பி முழுக்க மஞ்சள்! நம் கோயில் பெண்கள்தான் வந்திருக்கிறார்கள் என்று பூரித்துப் போனேன். கிட்டப் போய்ப் பார்த்தால், அத்தனையும் ரிப்பன்.

ஒரு வெள்ளைக்கார அம்மாள் இன்னொன்று கட்டிக்கொண்டிருந்தார். பெயர் டோரிஸ். அறுபது தாண்டியவர். அக்கரையில் தம்பி படுத்த படுக்கை. தினமும் இந்தப் பாலத்தில் நடந்துதான் சாப்பாடு கொண்டு போவாராம். அடைத்த பிறகு, காரில் ஊரெல்லாம் சுற்றிப் போகிறார். இப்போது பாலத்தையே பிரித்துப் போடுவதாகக் கவுண்டி — இங்கத்து ஜில்லா நிர்வாகம் — சொல்கிறது. வேண்டாம் என்று ஒற்றை ஆளாகச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன நேரத்தில், என் கயிறு கண்ணில் பட்டிருக்கிறது!

இந்த ஊரில், யாராவது திரும்பி வர வேண்டும் என்று காத்திருந்தால் மஞ்சள் ரிப்பன் கட்டுவார்கள். பாலத்துக்காக ஏங்க இன்னொரு ஜீவன் இருக்கிறது என்று நினைத்து இவரும் ஒன்று கட்ட, பார்த்தவர்களெல்லாம் கட்டியிருக்கிறார்கள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். சாமி காரியத்தில் பொய் சொல்ல மனசு வருமா? எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிவிட்டேன் — கட்டியது நான்தான், என் குடும்பம் நன்றாயிருக்கக் கட்டினேன், பாலத்தை நினைக்கவே இல்லை என்று.

டோரிஸ் கையிலிருந்த ரிப்பனை நீட்டினார்.

"பரவால்ல ஹனி. இப்ப நெனச்சுக்கிட்டு ஒண்ணு கட்டு."

கட்டினேன். வீட்டுக்காரரும் கட்டினார், கேலி பேசாமல். அந்தத் தம்பியின் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்து, வெள்ளிக்கிழமைதோறும் மீனாட்சியிடம் அர்ச்சனை செய்தேன். குருக்கள் அந்தப் பெயரைச் சொல்லப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்!

போன ஞாயிறு போனோம். சுத்தியல் சத்தம் கேட்டது. பிரிக்கிறார்களோ என்று ஓடிப்போய்ப் பார்த்தால்... புதுப் பலகை அடிக்கிறார்கள். பாதிப் பாலம் வரைக்கும் வந்துவிட்டது. அத்தனை ரிப்பனையும் பார்த்த கவுண்டி மனசு மாறிவிட்டதாம்.

திறப்பு விழா எப்போது, ரிப்பன் வெட்டுவது யார் என்று அங்கே நின்றிருந்த டோரிஸைக் கேட்டார் வீட்டுக்காரர்.

"வெட்டுற வேலையெல்லாம் வேணாம்னு சொல்லிட்டேன். அதுக்குள்ள என் தம்பியோட சூப் ஆறிடும்."