போட்ஸ்வானா காட்டில் வண்டி ஓட்டிய ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார்.

இன்று காலை, நாகல் நகர் வீட்டில். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர்தான்... ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. திண்டுக்கல்லில் ஒரு ஸ்பின்னிங் மில் ஆபீஸில் அவர் அக்கவுண்ட்ஸ், நான் டெஸ்பாட்ச். பக்கத்துப் பக்கத்து டேபிள். சத்தமாகப் பேசுவார். அதைவிடச் சத்தமாகச் சிரிப்பார்.

அவருடைய கணவர் அந்தோணி அண்ணனுக்குக் கண்ணில் க்ளாக்கோமா. குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும்தான் கொஞ்சம் தெரியும். மிச்சம் இருப்பதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அதுக்குள்ள என்ன பாக்கணும், சொல்லுங்க" என்று அக்கா கேட்டிருக்கிறார். டிவியில் எந்நேரமும் காட்டு மிருகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அண்ணன். "ஆப்பிரிக்கா யானை" என்று விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார்.

அக்கா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

"டூர்ல சேர்ந்து போகலாமேக்கா?" என்றேன்.

"டூர் ஜீப்ல அஞ்சு நிமிஷம் நிப்பாட்டுவான், கெளம்பிருவான். இவரு கண்ணு தேடிப் பிடிக்கவே அம்புட்டு நேரம் ஆகுமே. நாமளே ஓட்டுனா நம்ம இஷ்டத்துக்கு நிக்கலாம்ல?"

அப்படித்தான் முடிவானது. போட்ஸ்வானா. கூரையில் டென்ட் வைத்த ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாடகைக்கு. ராத்திரி காட்டுக்குள்ளேயே கேம்ப். சுற்றி வேலி கிடையாது.

இதையெல்லாம் பிளான் பண்ணும்போது அக்காவுக்கு ஸ்கூட்டி மட்டும்தான் ஓட்டத் தெரியும்!

ஐம்பது வயதுக்கு மேல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். லைசென்ஸ் எடுத்தார். என்னையும் இழுத்தார். "நான் ரோட்டப் பாக்கணும், அவரு மிருகத்தப் பாக்கணும். மேப்பப் பாக்க ஆளு வேணும். நீ வா கவிதா."

மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் இதே பேச்சுதான். எந்த மாசம் போனால் மழை இருக்காது, எங்கே டீசல் கிடைக்காது, தண்ணீர் எவ்வளவு ஏற்ற வேண்டும்... எலுமிச்சை, ஆரஞ்சு வாசத்துக்கு யானை வண்டியைத் தேடி வந்துவிடும் என்று எங்கோ படித்துவிட்டார். அவ்வளவுதான், ஜாடி நிறையப் போட்டு வைத்திருந்த எலுமிச்சை ஊறுகாய் ஆபீஸுக்கு வந்துவிட்டது. ஆப்பிரிக்காவுக்கு மாங்காய் ஊறுகாய்தான் போனது.

மணலில் ஓட்டிப் பழக எரியோடு பக்கம் ஒரு காய்ந்த ஓடைக்குப் போனோம். இரவல் ஜீப். சக்கரம் புதையாமலிருக்க டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்குவார், மணலில் இறங்குவார், மாட்டிக்கொள்வார், மண்வெட்டியால் தோண்டி வெளியே வருவார். மறுபடியும் இறங்குவார்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். "எங்கம்மா போகணும்?"

"ஆப்பிரிக்காவுக்குண்ணே."

"இது வேடசந்தூருக்குல்ல போகுது!"

அக்கா ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே...

போனோம். நிஜமாகவே போனோம். மூன்று பேரும்.

ஒரு பிற்பகல், ஆற்றுக்குப் போகும் மணல் பாதையில் வண்டியின் பின்சக்கரங்கள் புதைந்துவிட்டன. இறங்கித் தோண்டலாம் என்று அக்கா கதவில் கை வைத்தபோது, முன்னால் இருந்த புதர் அசைந்தது.

யானைகள். பெரியதும் குட்டியுமாக ஒரு கூட்டம். நேராக எங்களை நோக்கி.

"ஹாரன் அடிங்கக்கா" என்று கத்தப் போனேன். அக்கா கையைப் பின்னால் நீட்டி, பின் சீட்டில் இருந்த என் முழங்காலை அழுத்திப் பிடித்தார். எஞ்சினை அணைத்தார்.

"செத்த நேரம் சும்மா இரு. தண்ணி குடிக்கப் போகுதுங்க. நாமதான் வழியில நிக்கிறோம்."

அவர் கவனம் யானை மேல் இல்லை. பக்கத்தில் அண்ணன் தலையை இங்கும் அங்கும் திருப்பிக்கொண்டிருந்தார். "எங்க? ஸ்டெல்லா, எங்க?"

அக்கா அவர் தாடையைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். "இங்கிட்டு. இன்னும் கொஞ்சம். அந்தா, தந்தம் தெரியுதா? அப்படியே மேல போங்க... காது."

அண்ணன் பார்வையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். பெரிய யானை ஒன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று எங்களைப் பார்த்தது. அதன் கண் இமை முடி கூடத் தெரிந்தது.

"பாத்துட்டேன்" என்றார் அண்ணன். "பாத்துட்டேன் ஸ்டெல்லா."

எல்லாம் கடந்து போன பிறகுதான் அக்கா அழுதார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாலாபக்கமும் பார்த்துவிட்டு இறங்கி, டயரில் இன்னும் கொஞ்சம் காற்றை இறக்கி, மணலைத் தோண்டித் தள்ளி, ஒரே மூச்சில் வண்டியை வெளியே எடுத்தார்.

ஊருக்கு வந்து அடுத்த வருடமே அண்ணனுக்குப் பார்வை முழுசாகப் போய்விட்டது. போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது அக்கா அடுத்த டிரிப்புக்கு மேப்பை விரித்து வைத்திருந்தார். நான் கேட்பதற்குள் அவரே சொன்னார், "கண்ணு போனா என்ன, காது இருக்குல்ல? சிங்கம் கத்துறது அம்புட்டுத் தூரம் கேக்குமாம்."

இன்று போனபோது அண்ணன் அக்காவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என் குரல் கேட்டதும் பக்கத்தில் இடம் காட்டினார்.

"கவிதா... முகம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குண்ணே. நெத்தில சுருக்கமே இல்ல. வாய் ஓரத்துல லேசாச் சிரிக்கிற மாதிரி இருக்கு."

"எந்தச் சேலை?"

"மயில் கழுத்துக் கலர்."

"ம்ம்" என்றார்.

நாளை மாலை அடக்கம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

நல்லபடியாப் போங்கக்கா.