முனீஸ்வரியின் கண்ணுக்குள் ஒரு லென்ஸ்

சுருளிப்பட்டியில் முனீஸ்வரி என்று மட்டும் விசாரித்தால் மூன்று வீடுகளைக் கை காட்டுவார்கள். கண்ணாடி முனீஸ்வரி என்று கேட்டால்தான் கால்வாய் லஸ்கர் சுருளியாண்டியின் தங்கச்சி என்று சரியான வழி சொல்வார்கள்.

1996-இல் அவள் ஐந்தாம் வகுப்பு. கரும்பலகையில் எழுதிப்போட்ட கணக்கைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுகிறாள் என்று டீச்சர் சொல்லியனுப்ப, அண்ணன் சைக்கிளில் வைத்துக் கம்பத்துக்குக் கூட்டிப்போனான். கண்ணாடிக் கடைக் கர்ணன் சோதித்துப் பார்த்து, மைனஸ் நாலு என்றார். மறு வருசம் ஐந்து. அதற்கடுத்த வருசம் ஆறு. உடம்பு வளர வளரக் கண்ணாடியும் தடித்துக்கொண்டே போனது.

அப்பா இல்லாத வீடு. அண்ணன் அவளுக்குப் பன்னிரண்டு வயது மூத்தவன், எட்டாம் வகுப்போடு நின்றவன். லோயர் கேம்ப்பில் இறங்கி வரும் பெரியாற்றுத் தண்ணீர் கால்வாயில் எத்தனை அடி ஓடுகிறது என்று காலையும் மாலையும் அளவுகோலைப் பார்த்து நோட்டில் எழுதுவது அவன் வேலை. எழுதியதை அடித்துத் திருத்தும் பழக்கமே அவனுக்குக் கிடையாது. தங்கச்சியின் கண்ணாடிச் சீட்டுகளையும் அப்படித்தான் தேதிவாரியாக ஒரு பிளாஸ்டிக் கவரில் அடுக்கி வைத்திருந்தான்.

கண்ணுக்கு ஒன்று என்றால் வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். பார்வை போன ராஜாவுக்கே பார்வை கொடுத்தவள் என்பார்கள். பவர் கூடிய வருசமெல்லாம் அண்ணன் கடை வாசலிலேயே நின்று கும்பிட்டு, சித்திரைத் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொள்வான். பவர் கூடாத வருசம் என்று ஒன்று வரவே இல்லை.

2003-இல் மைனஸ் பத்து. அந்தச் சித்திரையில் சட்டிக்கு அடியில் வைத்த வேப்பிலை நழுவி, இரண்டு உள்ளங்கையும் வெந்துபோயின. பத்து நாள் அவனால் பேனா பிடிக்க முடியவில்லை. அவன் அளவைச் சொல்லச் சொல்ல முனீஸ்வரிதான் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து நோட்டில் எழுதினாள். வீட்டில் மருந்து போட்டுவிட்டதும் அவள்தான். அவளுக்குத் தூரத்தில்தான் ஒன்றும் தெரியாது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்குக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால், பூதக்கண்ணாடி வைத்ததுபோல எல்லாம் பெரிதாகத் தெரியும். அண்ணனின் உள்ளங்கையை அப்படித்தான் பார்த்தாள். ஒவ்வொரு கொப்புளமும் ஒரு பன்னீர் திராட்சை அளவுக்குத் தெரிந்தது. இனி பவர் கூடக் கூடாது என்று அன்றைக்கு முடிவெடுத்தாள்.

அவள் முடிவெடுத்தால் கண் கேட்குமா? ஆனால் கர்ணனைக் கேட்க வைக்க முடியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவர் கடையில் வருசக்கணக்காகத் தொங்குவது ஒரே எழுத்துப் பலகை. அடுத்த வருசம் கடையில் காத்திருந்தபோது, முகம் கழுவப் போகிறவள்போல எழுந்து, பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று, கீழே உள்ள மூன்று வரிசைகளையும் மனப்பாடம் செய்துகொண்டாள். கர்ணன் பழைய பவரையே மாட்டி, "வாசிம்மா" என்றதும் கடைசி எழுத்து வரை தடங்கல் இல்லாமல் ஒப்பித்தாள்.

"அட, பவர் அப்படியே நிக்கிதுப்பா சுருளி!" என்றார் கர்ணன்.

அண்ணன் வீரபாண்டி இருக்கும் திசையைப் பார்த்துத் தலைக்கு மேலே கைகூப்பினான். அந்தச் சித்திரையில் தீச்சட்டி இல்லை. வெள்ளியில் ஒரு ஜோடி கண்மலர் வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு வந்தான். ஊரில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "ஆத்தா நிறுத்திப்புட்டா" என்று சொன்னான். அம்மா மலையம்மாள் அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

அப்படி நான்கு வருசம் நான்கு முறை ஒப்பித்தாள். பஸ்ஸின் போர்டு தெரியாது. கண்டக்டர் கூவுவதைக் கேட்டு ஏறுவாள். எதிரே வருகிறவர்களை நடையை வைத்துக் கண்டுபிடிப்பாள். சில நாள் தப்பாகக் கண்டுபிடித்து, முன்பின் தெரியாதவர்களிடம் சிரித்து வைப்பாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், ஒன்றரை ஏக்கர் திராட்சைத் தோட்டத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னதற்கும் இதுதான் காரணம். கல்லூரியிலும் கரும்பலகை இருக்குமே.

தோட்டம் அவளுக்குப் பிடித்துப்போனது. ஆள் பிடிப்பது, மருந்தடிப்பது, வியாபாரியிடம் விலை பேசுவது எல்லாம் அவள்தான். ஆனால் திராட்சை வேலை முழுக்கத் தலைக்கு மேலே இருக்கிறது. பந்தலுக்குக் கீழே அண்ணாந்து நின்று கொடி கட்ட வேண்டும், இலை கிள்ள வேண்டும். அண்ணாந்தால் கனத்த கண்ணாடி பின்னால் நழுவும். நாடா போட்டுக் கட்டினால் வியர்வை வழிந்து மறைக்கும். மருந்தடித்த நாளில் அதன்மேல் நீலப் பொட்டுப் பொட்டாக விழும்.

2007 கடைசியில் ஒரு நாள் நாடா அறுந்து, கண்ணாடி கீழே விழுந்து, அவள் காலே அதை மிதித்துவிட்டது. வாய்க்கால் வரப்பைக் காலால் தடவித் தடவி வீடு வந்து சேர்ந்தாள். அதைப் பார்த்த அண்ணன் சொன்னான்.

"இனிமே கண்ணாடியே வேணாம். மருதையில லேசர் வச்சுச் சரி பண்றாகளாம். போறோம்."

"பயமா இருக்குண்ணே."

"என்னத்துக்குப் பயம்? பவரு ஏறிக்கிட்டே இருந்தாத்தான் செய்ய மாட்டாகளாம். உனக்கு நாலு வருசமா நிக்கிதுல்ல?"

கண்ணாடி இல்லாமல் பந்தலைப் பார்க்க அவளுக்கு எவ்வளவு ஆசை என்று அவளுக்குத்தான் தெரியும். அதற்குக் குறுக்கே நிற்கும் பொய்யும் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தை மாதம் மதுரைக்குப் போனார்கள். பெரிய கண் ஆஸ்பத்திரி. ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொன்னார்கள். அதில் எழுத்தே இல்லை. தூரத்தில் ஒரு வீட்டுப் படம்தான் இருந்தது. வாசிக்கச் சொல்ல மாட்டார்களா என்று கேட்டாள். "மெஷினே அளந்துக்கிரும்" என்றாள் நர்ஸ்.

டாக்டர் சொர்ணலதா நிதானமாகப் பேசுகிறவர். "லேசர்னா கருவிழியச் செதுக்கித்தான் பவரக் குறைக்கணும். உங்களுக்குக் கருவிழி மெல்லிசு, பவர் ரொம்ப அதிகம். செதுக்குனா கருவிழி தாங்காது. லேசர் வேண்டாம்" என்றார்.

அண்ணனின் முகம் விழுந்துவிட்டது.

"வேற வழி இருக்கு. கண்ணுக்குள்ளயே ஒரு லென்ஸ் வைக்கலாம். சொந்த லென்ஸ எடுக்க மாட்டோம். அதுக்கு முன்னாடி, மடிச்சு உள்ள விட்டா விரிஞ்சு உக்காந்துக்கும். பின்னால வேண்டாம்னாலும் எடுத்துக்கலாம். வருசா வருசம் செக்கப்புக்கு மட்டும் தவறாம வரணும். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். கண்ணாடியக் கழட்டிட்டு மூக்குக்கிட்ட வச்சுப் பாப்பீங்களே, அது இனிமே முடியாது."

"எங்க தெருவுக்கே இவதான் காலுல முள்ளெடுத்து விடுறவ" என்றான் அண்ணன்.

"முள்ளெடுக்க வேற ஆளு பாத்துக்கிறட்டும்" என்றாள் முனீஸ்வரி அவசரமாக.

டாக்டர் சிரித்துக்கொண்டே அண்ணன் நீட்டிய கவரை வாங்கினார். சீட்டுகளைப் புரட்டியவர், கடைசிச் சீட்டில் நின்றார். "இதுல பத்துன்னு இருக்கு. மெஷின்ல பதினாலு வந்திருக்கே. ஒரே வருசத்துல நாலு ஏறியிருந்தா கண்ணு இன்னும் நிலைக்கு வரல. இப்ப லென்ஸ் வைக்க முடியாது."

"மெஷின இன்னொரு தடவ பாருங்கம்மா" என்றான் அண்ணன். "நாலு வருசமா பத்துதான். ஒரு சீட்டு விடாம வச்சிருக்கேன். எங்க ஆத்தா நிறுத்துனது."

மருந்து விட்டு மறுபடி பார்க்கலாம் என்று டாக்டர் அவர்களை வெளியே உட்காரச் சொன்னார். நர்ஸ் சொட்டு மருந்து விட்டுப் போனாள். உடைந்ததற்குப் பதிலாக மாட்டியிருந்த பழைய கண்ணாடியை முனீஸ்வரி கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த அண்ணனின் முகம், மூக்கு வாய் இல்லாத மங்கலான ஒரு வட்டமாகப் போனது. முகம் தெரியாதபோது சொல்வதுதான் சுலபம் என்று தோன்றியது.

"அண்ணே, மெஷின் சரியாத்தான் சொல்லுது."

"என்ன?"

"கர்ணண்ணே கடைப் பலகைய நான் மனப்பாடம் பண்ணி வச்சு ஒப்பிச்சேன். நாலு தடவையும்."

அவன் கையில் இருந்த பிளாஸ்டிக் கவர் மட்டும் சரசரத்தது. பிறகு அதுவும் நின்றது. எழுந்து போய்விட்டானோ என்று பயந்து கையை நீட்டித் தேடினாள். சட்டை அகப்பட்டது.

"நாலு வருசமா பஸ்ஸு போர்டு தெரியாமயா ஏறி எறங்குன?"

"கண்டக்டரு கத்துவாக."

"போன தைக்கி, ரோட்டுல நின்ன என்னையப் பாத்துட்டுப் பேசாமப் போனியே, அது கோவமில்லையா?"

"நீயின்னே தெரியலண்ணே."

"நான் ரெண்டு நாளு சோறு சரியா திங்கல, கிறுக்கி."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கண்ணைத் துடைக்கப் போன கையை அவன் பிடித்துத் தடுத்தான். "மருந்து விட்ருக்காக, தொடாத."

"எதுக்குத் தாயி இப்படிப் பண்ணுன?" என்று கேட்டான்.

"உன் கையப் பாத்தேன்ல."

"நான் ஆத்தாட்டக் கேட்டது உன் கண்ண. என் கை நோவுதுன்னு நான் அவகிட்டச் சொன்னேனா? உன்கிட்டச் சொன்னேனா?" பிறகு, "ஊரு பூராம் சொல்லிட்டேனே, ஆத்தா நிறுத்திப்புட்டான்னு. அவ பேருக்கில்ல கெட்ட பேரு" என்றான். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை மேலும் அழ வைத்தது.

உள்ளே போனதும் அண்ணனே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னான். நான்கு பொய்ச் சீட்டுகளையும் தனியாக எடுத்து மேசைமேல் வைத்தான். டாக்டர் திட்டவில்லை. "பவர் எந்த வருசம் ஏறுச்சு, எப்ப நின்னுச்சுன்னு இப்ப யாருக்கும் தெரியாது. அதனால இன்னையிலருந்து ஒரு வருசம் பாக்கணும். நின்னிருந்தா வைக்கலாம்" என்றார்.

அண்ணன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். "தூக்கி வளத்தவன் நான். சின்னதுல கீழ கீழ போட்டதுனால இப்படி ஆயிருக்குமா?"

"இல்ல. கண்ணு நீளமா வளர்ந்திருச்சு, அவ்வளவுதான். யாரும் ஒண்ணும் பண்ணல."

அன்றைக்கே பதினாலுக்குக் கண்ணாடி எழுதி வாங்கினார்கள். ஒரு வாரத்தில் அது வந்தபோது, அண்ணனுக்குக் காதோரம் நரைத்திருப்பதை முனீஸ்வரி முதன்முதலாகப் பார்த்தாள். நரைத்து இரண்டு வருசம் ஆகிறதாம்.

ஒரு வருசம் காத்திருந்தாள். பத்தில் நின்றதாக நம்பியபோது சுலபமாக இருந்த அண்ணனுக்கு, பதினாலில் நிற்குமா என்று காத்திருப்பது பெரிய பாடாக இருந்தது. அந்தச் சித்திரையில் சட்டி எடுக்கட்டுமா என்று அவளிடமே கேட்டான். "எடுண்ணே. ஆனா வேப்பிலைய நான்தான் வைப்பேன்" என்றாள். கையகலத்துக்கு மூன்று அடுக்கு வேப்பிலை வைத்து, அதன்மேல் ஈரத்துணி வைத்து, சட்டியைத் தூக்கிக் கொடுத்தாள். ஒரு கொப்புளம்கூட வரவில்லை.

ஆறாம் மாதம் பதினாலு. 2009 தை மாதம் மெஷினில் பார்த்துவிட்டு டாக்டர் சொர்ணலதா, "பதினாலே கால்" என்றார். அண்ணன் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டான். "காலுங்களா? கூடிருச்சா?"

"கால் ஒரு கணக்கே இல்ல. அது அளவுல வர்ற வித்தியாசம். நின்னிருச்சு."

கால்வாயில் அரை அங்குலம் ஏறினாலும் எழுதி வைக்கிறவனுக்குக் கால் என்பது கணக்கில்லை என்று நம்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

கண்ணின் அளவெல்லாம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். லென்ஸ் வர ஒன்றரை மாதம். இடையில் ஒரு நாள், கண்ணுக்குள் நீரோட்டம் தடைப்படாமல் இருக்க, கண்மணியைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் லேசரால் இரண்டு பொடித் துளைகள் போட்டார்கள். "மதகுக்குக் கண்ணு விடுற மாதிரிதான்" என்று அண்ணன் அம்மாவுக்கு விளக்கினான். பங்குனியில் முதலில் வலது கண், அடுத்த வாரம் இடது கண். ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. முதல் கண்ணின் கட்டை மறுநாள் பிரித்ததும், எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவின் சேலையில் இருந்த பூக்களை முனீஸ்வரி பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இம்புட்டுச் சின்னப் பூவாம்மா இது?" என்று கேட்டாள். அதுவரை கண்ணாடி போடாமல் அவள் பார்த்ததெல்லாம் மூக்குக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்த பெரிய பூக்கள்தான்.

சொட்டு மருந்து விடும் நேரங்களை அண்ணன் காலண்டர் அட்டையில் கட்டம் போட்டு எழுதி மாட்டினான். தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல், தோட்டத்தின் பக்கமே போகாமல் டாக்டர் சொன்ன நாள் வரை வீட்டில் இருந்தாள். வைகாசியில் தோட்டத்துக்குப் போகலாம் என்று சொன்னார்கள்.

போன முதல் நாள் காலையில் அண்ணனும் கூடவே வந்தான். பந்தலின் ஒரு முனையில் அவளை நிறுத்திவிட்டு, பத்துப் பதினைந்து அடி தள்ளிப் போய்க் கையைத் தூக்கினான்.

"எத்தன வெரலு? தெரிஞ்சாச் சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு."

"மூணு."

இன்னும் தள்ளிப் போனான். "இப்ப?"

"ஒண்ணு. சுண்டு வெரலு."

பந்தலைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, பக்கத்துத் தோட்டத்துக்குள்ளேயே போய்விட்டான். அங்கே வேலையாக இருந்த அம்மாவாசி மண்வெட்டியை ஊன்றி நின்று, "என்னப்பா சுருளி, யாருக்கு டாட்டா காட்டுற?" என்று கேட்டான்.

"செத்த சும்மா இருப்பா." அண்ணன் கையை உயர்த்தினான். "முனீஸு, இப்ப எத்தன?"

"ரெண்டு!"

இன்னும் முப்பது நாற்பது அடி போய்த் தென்னை மரத்தடியில் நின்றான். "இப்ப?"

முனீஸ்வரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கை தெரிந்தது. விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்துபோயிருந்தன.

"தெரியலண்ணே!"

அங்கிருந்து அவனுடைய சிரிப்புச் சத்தம் கேட்டது. நின்ற இடத்திலேயே ஒரு குச்சியை நட்டுவிட்டு, அடிமேல் அடி வைத்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டே அவளை நோக்கித் திரும்பி நடந்து வந்தான்.