வெட்டிய பதினாறு பக்கம்

மாத நாவல் என்றால் தொண்ணூற்றாறு பக்கம். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், ஆறு ஃபாரம் ஒரு புத்தகம். பக்கத்துக்கு இருபத்தெட்டு வரி. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆம்பூர் ஸ்டேஷன் புத்தகக் கடையில் நின்றபடியே எண்ணித் தெரிந்துகொண்டேன். கடைக்காரர் முறைத்தார். முறைக்கட்டும் என்று எண்ணினேன்.

நான் ஒரு தோல் ஷாப்பில் குமாஸ்தா. பதனிட்ட தோல்களை எண்ணிக் கட்டுப் போட்டு அனுப்புவது உத்தியோகம். எழுதுவது ஆசை. எழுபதுகளின் கடைசியில் தொடங்கி எட்டு நாவல் எழுதினேன். எட்டும் காதல் கதைகள். எல்லாவற்றிலும் அடிபட்டுச் சிதைந்த ஒரு பெண் இருப்பாள். ஒருவன் அவளை அன்பால் மீட்பான். அவள் படும் பாட்டைக் கூசாமல் எழுதுவேன் என்று எனக்குப் பெயர். எட்டாவது நாவலோடு எல்லாம் முடிந்தது.

அது என் மனைவியின் கதை. குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருந்த ஒருவனுக்குப் பதினெட்டு வயதில் அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். மூன்று வருஷம் அடி வாங்கினாள். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஆம்பூருக்கு வந்து, ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். பிறகு ரிஜிஸ்தர் ஆபீசில் எங்களுக்குக் கல்யாணம். அதற்கு ஆறு வருஷம் கழித்து, உன் கதையை எழுதட்டுமா என்று கேட்டேன். பதினோரு நாள் அவள் பதில் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் சோறு போட்டபடியே சொன்னாள்.

"எழுதுங்க. ஆனா கடைசியில அவ நல்லா இருக்கணும். பாதியில வுட்டுடாதீங்க."

வாக்குக் கொடுத்தேன். வாக்கைக் காப்பாற்றவும் செய்தேன். ஆனால் கணக்குப் போட்டு எழுதினேன். அதுதான் நான் செய்த தவறு. ஐந்து ஃபாரம் இருட்டு, ஆறாவது ஃபாரம் வெளிச்சம். எண்பதாம் பக்கத்தின் கடைசி வரியில், இரண்டாவது கணவனின் செருப்புச் சத்தம் கேட்டு அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிகிறாள். எண்பத்தொன்றில் அவன் கதவைத் திறக்காமல் வெளியே உட்கார்ந்து பேசத் தொடங்குகிறான். தொண்ணூற்றாறில் அவள் குணமாகிவிடுகிறாள். கார்பன் தாள் வீண் என்று நகல் எடுக்காமல் ரிஜிஸ்தர் தபாலில் மெட்ராசுக்கு அனுப்பிவிட்டேன்.

பத்துப் பிரதி தருவதாகச் சொன்ன பதிப்பாளர் ஒன்றுகூட அனுப்பவில்லை. ஸ்டேஷன் கடையில்தான் பார்த்தேன். கையில் எடுத்ததுமே மெலிந்திருந்தது தெரிந்தது. எண்பதே பக்கம். அவள் கதவுக்குப் பின்னால் ஒளிந்த வரிக்குக் கீழே, முற்றும்.

வீட்டுக்கு வந்தால் அவள் எனக்கு முன்பே படித்திருந்தாள். அவளுடைய தையல் ஹாலில் மூன்று நாளாக அந்தப் புத்தகம் கை மாறிக்கொண்டிருந்தது. அவளுடைய பழைய வாழ்க்கை அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"பக்கத்து மிஷின் பொண்ணு கேக்கறா, 'இன்னாக்கா, இந்த ஆளும் கை நீட்டுவாரா'ன்னு."

"நீ என்ன சொன்னே?"

"அவருக்கு எண்றதுக்கே நேரம் பத்தல, எங்க அடிக்கிறதுன்னேன். சிரிச்சாங்க. ஆனா நம்பல. சூப்பர்வைசரம்மா தனியா கூப்ட்டு, உடம்புல காயம் கீதான்னு பாத்தாங்க."

"நான் முடிவு எழுதினேன். பதினாறு பக்கம் எழுதினேன்!"

"எங்க, காட்டுங்க."

காட்ட ஒன்றும் இல்லை.

லீவு போட்டு மெட்ராஸ் போனேன். காட்பாடியில் இருபது நிமிஷம், அரக்கோணத்தில் முப்பத்தைந்து நிமிஷம் வண்டியைப் போட்டு வைத்தார்கள். பதிப்பாளர் காபி வரவழைத்தார்.

"பேப்பர் விலை ஏறிப்போச்சு சார். இந்த மாசத்துலேர்ந்து அஞ்சு ஃபாரம்தான்."

"அதுக்குக் கடைசி ஃபாரத்தையா வெட்டுவீங்க? நடுவுல குறைக்கக் கூடாதா?"

"நடுவுல கை வெச்சா மொத்தத்தையும் திருப்பிக் கோக்கணும், கம்பாசிட்டர் என்னை வெட்டிடுவான். உங்க கதை கரெக்டா எண்பதுல வந்து நிக்குது பாருங்க! உங்களை மாதிரி கணக்கா எழுதற ஆளே கிடையாது சார்."

"எனக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாமே?"

"எதுக்கு? லெட்டரா வந்து குவியுது. அவ தப்பிச்சாளா இல்லையான்னு எல்லாரும் தவிக்கிறாங்க. அதான் சார் வெற்றி."

அந்தப் பதினாறு பக்கக் கையெழுத்துப் பிரதியைக் கேட்டேன். பொட்டலம் மடிக்கப் போயிருக்கும் என்றார். ஆறி ஆடை படிந்திருந்த காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை உட்காரவைத்து, அந்தப் பதினாறு பக்கத்தையும் வாயாலேயே சொன்னேன். ஒரு மணி பத்து நிமிஷம் ஆயிற்று. அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கடைசி வரைக்கும் எழுந்து போகவில்லை. நம்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

"இதுல அவ எத்தினி வாட்டி வாயத் தொறக்கறா?" என்றாள்.

மனதில் எண்ணிப் பார்த்தேன். "பதினொண்ணு."

"அதுல, நீங்க இல்லன்னா நான் இல்லன்னு சொல்றது எத்தினி?"

"ஒன்பது."

"நான் அவ நல்லா இருக்கணும்னு கேட்டேன். நீங்க அவன் நல்லவனா இருக்கணும்னு எழுதியிருக்கீங்க."

எனக்குச் சுருக்கென்றது. "உனக்கு எல்லாம் சரியாச்சே, அதைத்தானே எழுதினேன்?"

"சரியாச்சுன்னு யாரு சொன்னாங்க?" அவள் குரல் உயரவில்லை. "சத்தமில்லாம நீங்க உள்ள வந்தா என் கை பாத்திரத்த வுட்டுடுது. இந்த வருஷம் எத்தினி வாட்டி பால் கொட்டுச்சு?"

ஏழு. எண்ணித்தான் வைத்திருந்தேன். ஏழு முறையும், கவனம் எங்கே என்று திட்டியும் இருந்தேன்.

பதிப்பாளர் வெட்டியது பதினாறு பக்கம். இவள் ஆறு வருஷத்தை ஒரே பேச்சில் வெட்டிவிட்டாள். நான் ஒருத்தியைக் குணப்படுத்தியவன் என்ற தைரியத்தில்தான் எட்டு நாவலும் எழுதியிருந்தேன். அவள் சிரித்த முகத்தோடு எனக்குத் தட்டு வைத்த நாட்களெல்லாம் என்ன கணக்கில் சேரும்?

"இத்தனை வருஷம் எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கத்தினேன்.

ஆய்ந்த கீரையை முறத்தோடு எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சொன்னா எழுதிடுவீங்க."

அவள் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது. ஆனாலும், அந்த ஆறு வருஷமும் என்னை ஏமாற்றினாள் என்ற குறை இன்னும் போகவில்லை. அதன் பிறகு நான் கதை எழுதவில்லை. வேலை முடிந்து வரும்போது தெருமுனையிலிருந்தே இருமிக்கொண்டு வருவேன். அடுத்த வருஷம் பால் கொட்டியது இரண்டே முறை. அதை அவளிடம் எடுத்துச் சொன்னேன். பால்காரன் அளவைக் கம்மி பண்ணிட்டான், அதான் என்றாள்.