தண்ணீர் நாளில் மட்டும் பாட்டு

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. மீன்காரர் சிரித்துக்கொண்டே எடை போட்டால்கூட எதற்கு இந்தச் சிரிப்பு என்று செவுளைத் திறந்து பார்ப்பேன். அதனால் மேல்வீட்டுக்காரர் திடீரென்று காலையில் கிறிஸ்தவப் பாடல்களைச் சத்தமாகப் போட ஆரம்பித்தபோது எனக்கு ஆனந்தம் வரவில்லை.

மரைன் ஹில் சரிவில் எங்கள் வீடு கீழே, படியேறினால் அவர் வீடு. இரண்டு குடும்பமும் ஒரே சபை. அவர் சபைக் கமிட்டியில் வேறு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று எல்லோருக்கும் ஸ்தோத்திரம் சொல்கிறவர். கோடையில் எங்கள் பக்கம் குழாய்த் தண்ணீர் தினமும் வராது, வருகிற நாளிலும் காலையில் கொஞ்ச நேரம்தான். அந்தக் கோடையில் மாயாபந்தரிலிருந்து என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். வீட்டில் கைக்குழந்தை. துணி அலச, குளிப்பாட்ட, பாத்திரம் கொதிக்க வைக்க, எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். அந்த நேரம் பார்த்து எங்கள் குழாய் நூலாக ஒழுக ஆரம்பித்தது. குழந்தைத் துணியை அரை வாளியில் அலசும்போது எனக்கு அழுகையே வந்தது.

பாட்டு தண்ணீர் நாளில் மட்டும் கேட்டது. மற்ற நாட்களில் அந்த வீட்டில் டிவி சீரியல்தான். பக்திக்கும் பைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நான் சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். பாட்டுக்கு அடியில் ஏதோ உறுமுகிற மாதிரி இருந்தது. என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு தண்ணீர் நாளில் கரண்ட் போனது. பாட்டு நின்றது, உறுமலும் நின்றது. அதே நொடியில் எங்கள் குழாய் சீறிக்கொண்டு வாளியை நிரப்பியது. லைனிலேயே மோட்டாரை மாட்டி இழுக்கிறார், சத்தம் வெளியே தெரியாமலிருக்கத்தான் பாட்டு! ஆண்டவர் பாட்டை வைத்தா திருடுவது என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"இன்னிக்கே தண்ணி ஆபீஸ்ல கம்ப்ளைன்ட் குடுக்கிறேன். கனெக்‌ஷன கட் பண்ணட்டும்" என்றேன்.

"கட் பண்ணிட்டு, ஞாயித்துக்கிழமை அவர் சம்சாரம் பக்கத்துல முழங்கால் போட்டு நற்கருணை வாங்குவியா?" என்றார் கணவர். "முதல்ல அவர்கிட்ட தனியா போய்ப் பேசு. வேதம் சொல்ற வரிசை அதுதானே. கேக்கலைன்னா ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போவோம். அதுக்கப்புறம் சபை. ஆபீஸெல்லாம் கடைசி."

இவர் யார் பக்கம் என்று அப்போது அவர்மேலும் சந்தேகம் வந்தது. ஆனாலும் சாயங்காலம் தனியாகப் படியேறினேன்.

அவர் மனைவி டீ கொடுத்தாள். சர்க்கரை கொஞ்சம் தாராளமாகவே போட்டதைப் பார்த்தேன். நான் குடிக்காமல் கீழே வைத்தேன்.

"தம்பி, பாட்டு நல்லாருக்கு. அதுக்குள்ள மோட்டார் சத்தமும் கேக்குது."

அவர் முகம் வெளுத்துவிட்டது. மனைவியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "போடலைன்னா மேல ஒரு சொட்டு ஏறாது அக்கா. பிரஷரே நஹி ஹை. உங்க வீட்ல பச்சக் குழந்தை இருக்குன்னு தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன். உங்க முகத்தப் பாக்கவே வெக்கமா இருந்துச்சு."

இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் நான் லேசில் நம்புகிறவள் இல்லை. எழுந்து போய் அவர்கள் சமையலறைக் குழாயைத் திருகினேன். காற்றுதான் வந்தது. டிரம் மூடியைத் தூக்கினேன். காலையில்தான் கரண்ட் போய்விட்டதே, அடியில் கலங்கலாகக் கொஞ்சம் கிடந்தது. அந்தம்மா அதில்தான் எனக்கு டீ போட்டிருக்கிறாள். திரும்பி வந்து அந்த டீயைக் குடித்தேன்.

"சரி, முதல்ல நாங்க பிடிச்சுக்கிறோம். நாங்க பைப்ப மூடின பிறகு நீங்க மோட்டாரப் போடுங்க. பாட்டையும் அப்பவே போடுங்க. அதுக்கு முன்னாடி பாட்டு கேட்டுச்சு, நேரா ஆபீஸ்தான்."

"டீக் ஹை அக்கா" என்றார். உடனே ஒத்துக்கொண்டதும் எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு சுலபமாக யாராவது ஒத்துக்கொள்வார்களா?

அடுத்த தண்ணீர் நாளில் குழாய் கொட்டியது. டிரம் நிறைந்தது, குடங்கள் நிறைந்தன. கடைசி வாளி நிறையும்போது குழந்தை வீறிட்டு அழ, உள்ளே ஓடினேன். மகள் குளித்துக்கொண்டிருந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைக்க வெகுநேரம் ஆயிற்று. அப்போதுதான் மேலே பாட்டுக் கேட்கவில்லையே என்று உறைத்தது. பாட்டில்லாமலே இழுக்கிறார்! எனக்குத் தெரியும், எனக்கு அன்றைக்கே தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டு படியேறினேன்.

அவர் மோட்டார் சுவிட்சில் விரலை வைத்தபடி எங்கள் வீட்டுப் பக்கம் காதைச் சாய்த்து நின்றிருந்தார். பின்னால் அவர் மனைவி காலிக் குடங்களோடு நின்றாள்.

"உங்க பைப் சத்தம் இன்னும் நிக்கலையே அக்கா" என்றார் மெதுவாக. "பாப்பா துணியெல்லாம் முடிஞ்சுதா?"

கீழே ஓடினேன். வாளி நிரம்பி வழிந்து தண்ணீர் ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. குழாயை மூடினேன். மேலே பாட்டு ஆரம்பித்தது, ஒரு சரணம் முடிவதற்குள் நின்றுவிட்டது. லைனில் தண்ணீர் தீர்ந்திருக்கும்.

எங்கள் டிரம்மிலிருந்து இரண்டு குடம் மொண்டுகொண்டு மறுபடி படியேறினேன்.