மோரிப் கடலின் கதகதப்பு

கிள்ளானில் வாடகைக் கார் ஓட்டிய தம்புசாமிக்குக் கடல் என்றாலே அலுப்பு. துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றால் போதும், துரைமார்களையும் துரைசானிகளையும் ஏற்றிக்கொண்டு மோரிப் கடற்கரைக்குப் போக வேண்டும். வழியில் ஜுக்ராவில் சுல்தானின் பழைய அரண்மனையைக் காட்ட வேண்டும். ஆளில்லாத அந்த மாளிகையைச் சுற்றிச் சுற்றி வந்து வாயைப் பிளப்பார்கள். பிறகு கடலில் இறங்கினால், குட்டையில் விழுந்த எருமைகள்தான்! எழுந்திருக்கவே மாட்டார்கள். காருக்குள் வெந்துகொண்டு கிடப்பது இவர் தலையெழுத்து.

வீட்டில் மட்டும் கடல் பேச்சை எடுக்க மாட்டார். நாகப்பட்டினத்திலிருந்து அவரும் மனைவி வீரம்மாவும் பிழைக்க வந்த கப்பலில் அவர்களுடைய கைக்குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. துணியில் சுற்றிக் கடலில் விட்டார்கள். அதன்பிறகு வீரம்மா கடல் இருக்கும் திசையில் தலைவைத்துப் படுத்ததில்லை. அடைமழை பிடித்தால் மட்டும் சோறு தண்ணீர் இறங்காமல் உட்கார்ந்திருப்பாள். ஏன் என்று கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஒருநாள் மோரிப் போய்வந்த களைப்பில் அவர் வாய்விட்டுப் புலம்பிவிட்டார்.

"அப்படி என்னதான் இருக்குன்னு அந்த வெள்ளக்காரங்க அங்க போயி விழறாங்க?" என்றாள் வீரம்மா.

"அவங்க ஊருக் கடலு ஐஸா வெறைக்குமாம். இங்க கதகதன்னு இருக்காம்."

சோறு போட்ட கை நின்றுவிட்டது. "நெசமாவா? கதகதன்னா இருக்கு?"

"அப்படித்தான் சொல்றாங்க. நான் எங்க எறங்கினேன்?"

"ஆடி அமாவாசைக்கு என்னைய அங்க கூட்டிட்டுப் போங்க."

"பச்சப் புள்ளைக்குத் திதி கெடையாது, வீரம்மா."

"திதி வேணாம். ஒரு செம்பு பாலு ஊத்திட்டு வந்துடுறேன்."

முதலாளியிடம் காரைக் கேட்க முடியுமா? பஸ்ஸில்தான் போனார்கள். உச்சிப்பொழுதுக்கு முன்பே இறங்கினால், கடலைக் காணோம்! கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் சேறு. அமாவாசை வற்றம். எந்நேரம் தண்ணீர் ஏறும் என்று கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி பார்த்துச் சொல்வார், இவர் வண்டியை எடுப்பார். அத்தனை தடவை வந்த மனிதருக்கு அது சொந்தக் காரியத்தில் தோன்றவில்லை.

"நான் ஒரு மடையன்," என்றார். "திரும்பிடலாமா? கடைசி பஸ்ஸ விட்டா பந்திங் டவுன் வரைக்கும் நடக்கணும்."

"நடக்கலாம்," என்று சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். செம்பு மடியில் இருந்தது.

வெயில் சேற்றைக் காய்ச்சியது. பசி, எரிச்சல், உடம்பெல்லாம் அசதி. கடைசி பஸ் ஹாரன் அடித்தபோது அவர் அவளைப் பார்த்தார். அவள் திரும்பவே இல்லை. பஸ் போய்விட்டது.

பொழுது சாயச் சாயத் தண்ணீர் மெல்ல ஏறி வந்தது. வீரம்மா இறங்கிப் பாலை ஊற்றினாள். குனிந்து முழங்கை வரை கையை விட்டவள், எடுக்கவில்லை.

"என்னங்க, வந்து தொட்டுப் பாருங்களேன்."

வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கிக் கையை வைத்தார் தம்புசாமி. பிள்ளையைக் குளிப்பாட்ட விளாவிய வெந்நீர் மாதிரியே இருந்தது.

"இத்தன வருசமா புள்ள குளிர்ல வெறைச்சுக் கெடக்குன்னே நெனச்சுட்டேங்க," என்று சொல்லிவிட்டு வீரம்மா ஓவென்று அழுதாள்.